காட்டுத் தீயின் சாட்சி: ஒரு வாயுவை அளந்த வரலாறு

கனடாவின் காடுகள் 2023ஆம் ஆண்டு மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை எரிந்தன. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஹெக்டேயர் நிலம் தீக்கிரையானது. மறு ஆண்டே, 2024 ஓகஸ்ட் மாதத்தில், 'நேச்சர்' என்னும் அறிவியற் சஞ்சிகையில் ஆய்வொன்று வெளியாயிற்று. அந்த ஐந்து மாத காலத்தில் வளிமண்டலத்திற்குள் சென்ற காபனின் அளவு சுமார் 64 கோடியே 70 இலட்சம் தொன் என்று அது கூறியது. கணக்கில் தவறு நேர்ந்தாலும் உண்மையான அளவு 57 கோடி தொன்னுக்குக் கீழும் 72 கோடியே 70 இலட்சம் தொன்னுக்கு மேலும் இருக்க வாய்ப்பில்லை என்றே அவ்வாய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்னர், 1997இல், இந்தோனேசியாவின் காடுகளும் கரிச் சதுப்புகளும் எரிந்தன. அத்தீயில் வெளியேறிய காபன் எவ்வளவு? 2002ஆம் ஆண்டில் அதே சஞ்சிகையில் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வின் விடை: 81 கோடி தொன்னுக்கும் 257 கோடி தொன்னுக்கும் இடைப்பட்ட ஏதோவொரு அளவு. கீழெல்லையைப் போல் மூன்று மடங்கு மேலெல்லை. ஆய்வை நடத்தியவர்கள் கரிச் சதுப்பு நிலத்தை நன்கறிந்தவர்கள். எரிந்த நிலத்திற்கே சென்று, மண் எத்தனை ஆழத்திற்கு எரிந்துபோயிற்று என்று அளந்து கணக்கிட்டவர்கள். அவர்களுடைய திறமையில் குறை காண்பதற்கில்லை. 2023இல் வானில் இருந்த ஒரு கண் 1997இல் இருக்கவில்லை என்பதே வேறுபாடு.

அந்தக் கண் பார்ப்பது தீச்சுவாலையையும் அன்று, புகையையும் அன்று. நிறமும் மணமும் அற்ற ஒரு வாயுவை அது பார்க்கிறது. இலங்கைப் பாடநூல்கள் அதனைக் காபனோரொட்சைட்டு என்று அழைக்கும். தமிழகத்து வாசகர்கள் கார்பன் மோனாக்சைடு என்று அறிவர். ஒரு காபன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்தது அது. காபனீரொட்சைட்டிலிருந்து ஓர் ஒட்சிசன் அணு குறைந்தது என்றும் சொல்லலாம். விறகு நன்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டு மிகுதியாக வெளிவரும். காற்றுப் போதாமல், ஈரத்துடன், சுவாலையின்றிக் கனன்றால் காபனோரொட்சைட்டு பெருகும். எங்கள் வீடுகளில் ஈர விறகை ஊதியூதிக் கண் கலங்கிய தாய்மார் அடுப்படியில் சுவாசித்ததில் இதுவும் அடங்கும்.

இவ்வாயு மனிதனைக் கொல்லும் விதத்தை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்ஸின் உடலியல் அறிஞர் குளோட் பேர்னார்ட் ஆராய்ந்தார். குருதியில் ஒட்சிசன் அமரவேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்கிறது. ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வதில் ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேற்பட்ட வலிமை இதற்குண்டு. பிரித்தானியாவின் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் இதனைத் தாமே சுவாசித்துப் பரிசோதித்து 1895இல் முடிவுகளை வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் இறந்தோரில் மிகப் பலர் வெடிப்பினால் இறக்கவில்லை, பின்னர் பரவிய இந்த வாயுவினாலேயே இறந்தனர் என்று கண்டு சொன்னவரும் அவரே. சுரங்கத்திற்குள் சிறு உயிரொன்றை எடுத்துச் செல்லும்படி அவர் சொன்ன ஆலோசனையின் வழியே கனேரிக் குருவிகள் சுரங்கத் தொழிலாளரின் கைக்கூடுகளுக்கு வந்தன. குருவி தள்ளாடினால் மனிதன் வெளியேற வேண்டும். பிரித்தானியச் சுரங்கங்களில் 1986ஆம் ஆண்டு வரை இந்த ஏற்பாடு நீடித்தது. இவ்வாயுவை அளந்த வரலாற்றின் முதலாவது கருவி, உயிருள்ள ஒரு பறவை.

சுரங்கத்தில் இருப்பது திறந்த வானிலும் உண்டு என்பது 1949ஆம் ஆண்டு வரை தெரியவில்லை. அவ்வாண்டில் பெல்ஜிய நாட்டு வானியல் அறிஞர் மார்செல் மிஜோட், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் சூரிய ஒளியின் நிறமாலையை ஆராய்ந்து, அதன் செந்நிறக் கீழ்ப் பகுதியில் சில கோடுகள் மங்கியிருப்பதைக் கண்டார். சூரியனிலிருந்து பூமிக்கு வரும் வழியில் ஏதோவொரு வாயு அந்த அலைநீளங்களை விழுங்குகிறது. கோடுகள் அமைந்த இடம் 4.7 மைக்ரோ மீற்றர். அது காபனோரொட்சைட்டின் கைரேகை. பிற்காலத்தில் விண்வெளிக்கு அனுப்பப்பட்ட கருவிகள் பலவும் இதே கைரேகையைத்தான் தேடின.

எனினும், இவ்வாயு எங்கிருந்து வருகிறது, எங்கே மறைகிறது என்பது அடுத்த 20 ஆண்டுகளாகப் புதிராகவே இருந்தது. மோட்டார் வாகனங்கள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான தொன்களை வெளியிட்டன. ஆயினும் வளிமண்டலத்தில் அதன் செறிவு அதற்கேற்ப ஏறவில்லை. 1969இல் போர்ட் மோட்டார் நிறுவனத்தின் ஆய்வாளரான பேர்னார்ட் வைன்ஸ்டொக், கதிரியக்கக் காபனை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டு, இவ்வாயு வளிமண்டலத்தில் தங்கும் காலம் ஓராண்டின் பத்திலொரு பங்கு அளவே என்று காட்டினார். 1971இல் ஹைரம் லெவி அதற்குரிய காரணத்தை முன்வைத்தார். சூரிய ஒளியும் ஓசோனும் நீராவியும் சேர்ந்து ஐதரொட்சில் என்னும் துணிக்கையை இடையறாது உருவாக்குகின்றன. ஒரு செக்கனுக்கும் குறைந்த ஆயுளுடைய அத்துணிக்கையே காபனோரொட்சைட்டைக் காபனீரொட்சைட்டாக மாற்றி வானத்தைத் துப்புரவு செய்கிறது.

இக்கட்டுரையின் பொருளுக்கு இந்த ஆயுட்காலம் இன்றியமையாதது. தீயிலிருந்து எழும் புகைத் துகள்களை மழை சில நாட்களில் கழுவிவிடும். காபனீரொட்சைட்டோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கி, ஏற்கெனவே வானில் நிறைந்துள்ள பெருந்திரளில் கலந்து அடையாளம் இழந்துவிடும். காபனோரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை வாழும். ஒரு பெருங்கடலைக் கடந்து செல்வதற்கு அக்காலம் போதும். பூமி முழுவதிலும் சமமாகக் கலந்துவிடுவதற்குப் போதாது. ஆகவே அது எங்கே கூடுதலாக இருக்கிறதோ, அங்கிருந்து காற்றின் வழியைப் பின்னோக்கித் தொடர்ந்தால் தீ மூண்ட இடத்தைச் சென்றடையலாம். சாட்சி சொல்லும் அளவுக்கு நீண்ட ஆயுள், தடம் அழியாத அளவுக்குக் குறுகிய ஆயுள்.

காட்டுத் தீயையும் இந்த வாயுவையும் பேரளவில் இணைத்துக் கணக்கிட்டவர்களில் முதன்மையானவர், பின்னாளில் 1995ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட போல் குருட்சன். நெதர்லாந்தில் பிறந்த அவர் அப்போது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அம்மாநிலத்துக் காட்டுத் தீக்களின் புகையிலிருந்து காற்று மாதிரிகள் எடுக்கப்பட்டன. காபனீரொட்சைட்டுக்கு எத்தனை பங்கு காபனோரொட்சைட்டு என்ற விகிதத்தைக் கண்டறிந்து, உலகில் ஆண்டுதோறும் எரியும் தாவரப் பொருளின் அளவுடன் பெருக்கிப் பார்த்தபோது கிடைத்த தொகை பெரிதாக இருந்தது. வெப்பமண்டல நாடுகளில் காடழிக்கவும் புல்வெளி எரிக்கவும் மூட்டப்படும் தீ, தொழில் நாடுகளின் வாகனப் புகையோடு ஒப்பிடத்தக்க மாசை உண்டாக்குகிறது என்ற முடிவை 1979இல் அவரும் சகாக்களும் வெளியிட்டனர். மாசு என்றாலே இலண்டனும் லொஸ் ஏஞ்சலிசும் நினைவுக்கு வந்த காலம் அது.

இரண்டே ஆண்டுகளில் அந்த முடிவுக்கு விண்ணிலிருந்து சான்று கிடைத்தது. 1981 நவம்பர் 12ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் தனது இரண்டாவது பயணத்தை மேற்கொண்டபோது, நாசா தயாரித்த 'மெப்ஸ்' என்னும் கருவியைக் கொண்டு சென்றது. அதன் உத்தி எளிமையானது. காபனோரொட்சைட்டையே ஒரு சிறு கலத்தில் அடைத்துக் கருவிக்குள் வைத்தனர். பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை ஒருமுறை அக்கலத்தின் ஊடாகவும், ஒருமுறை கலமின்றியும் அனுப்பி ஒப்பிட்டனர். கலத்தில் உள்ள வாயு எந்த அலைநீளங்களை விழுங்குமோ, அவை ஏற்கெனவே கீழேயுள்ள காற்றினால் எந்த அளவுக்கு விழுங்கப்பட்டிருக்கின்றன என்பதை இந்த ஒப்பீடு காட்டிவிடும். திருடனைப் பிடிக்கத் திருடனை வைத்ததைப் போன்ற ஏற்பாடு இது.

விண்ணோடத்தின் மின்கலம் ஒன்று பழுதானதால் ஐந்து நாட் பயணம் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் சுருங்கியது. கிடைத்த சிறு பதிவிலேயே ஆபிரிக்காவின் மேலும் தென் அமெரிக்காவின் மேலும் இவ்வாயு செறிந்திருந்தது தெரிந்தது. தொழிற்சாலைகள் நிறைந்த வட பகுதியிலேயே அது மிகுந்திருக்கும் என எதிர்பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி. அக்கருவி 1984 ஒக்டோபரிலும், 1994 ஏப்ரலிலும், அதே ஆண்டின் செப்டெம்பர் இறுதியிலும் மீண்டும் பறந்தது. ஒவ்வொரு முறையும் சில நாட்கள்தான். விண்ணோடம் தரையிறங்கியதும் கண் மூடிக்கொள்ளும்.

கண் மூடியிருந்த அத்தகைய காலம் ஒன்றிலேதான் 1997இன் பெருந்தீ மூண்டது.

கலிமந்தான் என்பது போர்ணியோத் தீவின் இந்தோனேசியப் பகுதி. அதன் மத்திய மாகாணத்தில் பல மீற்றர் ஆழத்திற்குக் கரிச் சதுப்பு நிலம் உண்டு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த மரமும் இலையும் நீரில் ஊறி, முற்றாக உக்காமல் படிந்து உண்டான மண் அது. கொழும்புக்கு வடக்கேயுள்ள முத்துராஜவெலச் சதுப்பிலும் இத்தகைய மண் சிறிய அளவில் உண்டு. நீர் நிறைந்திருக்கும் வரை அது எரியாது. 1995 இறுதியில் ஜனாதிபதி சுகார்ட்டோவின் அரசு, அந்நிலத்தில் 10 இலட்சம் ஹெக்டேயரை நெல்வயலாக்கும் திட்டத்தை அறிவித்தது. 4,000 கிலோ மீற்றருக்கும் அதிகமான நீளத்திற்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அவை வயலுக்கு நீர் கொண்டுவருவதற்குப் பதிலாகச் சதுப்பின் நீரை வடித்துவிட்டன. நெல் விளையவில்லை, நிலம் காய்ந்தது. 1997இல் எல் நினோ வந்தது, பருவ மழை பிந்தியது. தோட்டங்களுக்காக நிலம் துப்புரவாக்க மூட்டிய தீ மண்ணுக்குள் இறங்கியது.

மண்ணுக்குள் இறங்கிய தீயைத் தண்ணீர் ஊற்றி அணைக்க இயலாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அது கனன்றுகொண்டிருக்கும். ஒரு கிலோகிராம் காய்ந்த புல் எரிந்தால் சுமார் 60 கிராம் காபனோரொட்சைட்டு வெளிவரும். வெப்பமண்டலக் காட்டு மரமாயின் சுமார் 100 கிராம். கரிச் சதுப்பு மண்ணாயின் 200 முதல் 300 கிராம் வரை. 1997-98 தீயில் இந்தோனேசியாவில் எரிந்த நிலம் மொத்தம் ஏறத்தாழ 97 இலட்சம் ஹெக்டேயர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அதில் கரிச் சதுப்பு ஒரு பகுதியே. நச்சுப் புகையில் அதன் பங்கோ மிகப் பெரியது.

தீயைக் காணும் செய்மதிகள் அப்போதும் இருந்தன. அவை சூடான புள்ளிகளைக் காட்டின. அந்தப் புள்ளிகளைத் தோட்ட வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தபோது, சேனைப் பயிர்ச்செய்கையாளரான ஏழைக் குடியானவர்கள் மீது சுமத்தப்பட்ட பழி பெருமளவில் கம்பனிகளின் பக்கம் திரும்பியது. 1997 செப்டெம்பரில் இந்தோனேசிய அரசே 176 கம்பனிகளின் பெயர்களை வெளியிட்டது. ஆனால் அடர்ந்த புகையின் கீழ், நிலத்தடியில், சுவாலையின்றிக் கனலும் தீ அத்தகைய செய்மதியின் பார்வைக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். அதனைக் காட்டிக்கொடுக்கக் கூடியது காபனோரொட்சைட்டே. அதை அளக்கவல்ல கருவியொன்றைச் சுமந்த ஜப்பானின் 'மிதோரி' செய்மதி 1996 ஓகஸ்டில் ஏவப்பட்டிருந்தது. சூரியத் தகடு சேதமடைந்து 1997 ஜூன் 30ஆம் திகதி அது செயலிழந்தது. கலிமந்தான் தீ உச்சத்தை அடைந்தது செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும். இரண்டு மூன்று மாத இடைவெளியில் உலகம் ஒரு பெரும் பதிவை இழந்தது. ஜப்பானுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பறந்த விமானத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த ஒக்டோபரில் சேகரித்த காற்று மாதிரிகள் போன்ற சிலவே எஞ்சின. வழமையைவிட மிக உயர்ந்த காபனோரொட்சைட்டு அவற்றில் பதிவாகியிருந்தது. ஆயினும் அது விமானம் சென்ற பாதையின் பதிவு மாத்திரமே.

அந்த நாட்களில் நான் கொழும்பில் வெளிநாட்டுச் செய்திகளைத் தொகுக்கும் மேசையில் இருந்தேன். செய்தி முகவர் நிலையங்களிலிருந்து வந்த தாள்களில் கோலாலம்பூரும் கூச்சிங்கும் மேடானும் நாள்தோறும் இடம்பெற்றன. மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் செப்டெம்பர் 19ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. கூச்சிங்கில் காற்று மாசுச் சுட்டெண் 800ஐத் தாண்டியது. 300ஐக் கடந்தாலே அபாயம் என்பது அந்தச் சுட்டெண்ணின் வரையறை. காற்றில் மிதக்கும் துகள்களோடு காபனோரொட்சைட்டும் அதில் அடங்கும் மாசுகளில் ஒன்று. செப்டெம்பர் 26ஆம் திகதி, புகைமூட்டம் சூழ்ந்திருந்த மேடானுக்கு அருகே கருடா விமானம் ஒன்று விழுந்து 234 பேரும் மாண்டனர்.

பின்னர் எண்கள் வருவது குறைந்தது. புகைமூட்டம் பற்றி ஊடகங்களிடம் கருத்துக் கூறலாகாது என்று 1997 நவம்பரில் மலேசியப் பல்கலைக்கழகத்தினருக்குப் பணிக்கப்பட்டது. காற்று மாசுச் சுட்டெண்ணைப் பொதுமக்களுக்கு அறிவிப்பதும் நிறுத்தப்பட்டு, அது இரகசியமாக்கப்பட்டது. உல்லாசப் பயணிகள் அஞ்சி வராமற் போய்விடுவர் என்பதே கூறப்பட்ட காரணம். காற்று எல்லோருடையது, அதன் கணக்கு மாத்திரம் அரசினுடையது என்றாயிற்று. யுத்தகாலத் தணிக்கையின் கீழ்ப் பணியாற்றிய எங்களுக்கு இது அந்நியமான அனுபவம் அன்று. தணிக்கைக்குச் சென்று திரும்பும் செய்தியில் முதலில் வெட்டுப்பட்டிருப்பது எண்ணாகத்தான் இருக்கும். அனுதாபத்தை விட்டுவைப்பார்கள், எண்ணிக்கையை விட்டுவைக்கமாட்டார்கள்.

மலேசியாவின் இரகசியம் 2005 ஓகஸ்ட் வரை நீடித்தது. அம்மாதம் சுமாத்திராவின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து சிலாங்கூர் மாநிலத்தை மூடியது. கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் சுட்டெண் 500ஐத் தாண்டியது. 11ஆம் திகதி அவ்விரு மாவட்டங்களிலும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. இறப்பர்த் தோட்டக் காலம் முதல் தமிழர் செறிந்து வாழும் பகுதிகள் இவை. மூச்சுத் திணறும் மக்களிடம் காற்றின் அளவை மறைப்பதற்கு இனி வழியில்லை என்ற நிலையில், சுட்டெண்ணை வெளியிட மலேசிய அரசு அப்போதுதான் முடிவு செய்தது.

அந்த முடிவு வந்தபோது வானத்து நிலைமையும் மாறியிருந்தது. 1999 டிசெம்பர் 18ஆம் திகதி ஏவப்பட்ட நாசாவின் 'டெரா' செய்மதி, 'மொபிற்' என்னும் கனேடியக் கருவியைச் சுமந்து சென்றது. அதன் தலைமை ஆய்வாளர் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ட்ரமண்ட். 705 கிலோ மீற்றர் உயரத்திலிருந்து, 22 கிலோ மீற்றர் சதுரங்களாகப் பூமியைப் பகுத்து, ஏறத்தாழ மூன்று நாட்களுக்கு ஒருமுறை உலகம் முழுவதையும் அது அளந்தது. விண்ணோடக் கருவியைப் போன்றே இதற்குள்ளும் காபனோரொட்சைட்டு நிரப்பிய கலங்கள் இருந்தன. 2000 மார்ச்சில் பதிவுகள் தொடங்கின. 2001 மே மாதத்தில் குளிரூட்டி ஒன்று பழுதாகி, எட்டு அலைவழிகளில் பாதி பயனற்றுப் போயிற்று. எஞ்சிய பாதியைக் கொண்டே அவ்வாண்டிலேயே பணி மீண்டும் தொடர்ந்தது. ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட கருவி, 2025இல் நிறுத்தப்படும் வரை கால் நூற்றாண்டு உழைத்தது.

இந்த நீண்ட பதிவின் பெறுமதி 2015இல் தெரிந்தது. எல் நினோ திரும்பி வந்தது. கலிமந்தானிலும் சுமாத்திராவிலும் ஏறத்தாழ 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. இம்முறை மொபிற் மாத்திரமன்றி, ஐரோப்பியச் செய்மதிகளும் இந்து சமுத்திரத்தின் மேலாக மேற்கு நோக்கி நீண்ட காபனோரொட்சைட்டு மேகத்தை நாள்தோறும் பதிந்தன. மத்திய கலிமந்தானின் தலைநகரான பலங்கராயாவுக்கு அருகே கனன்ற நிலத்திற்கே சென்று புகையை அளந்தவர்களும் இருந்தனர். இரண்டு அளவைகளையும் சேர்த்து 2016இல் வெளியான கணக்கின்படி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் அத்தீ நாளொன்றுக்கு வெளியிட்ட காபனீரொட்சைட்டு 1 கோடியே 13 இலட்சம் தொன். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எரிபொருள் எரித்து நாளொன்றுக்கு வெளியிட்டது 89 இலட்சம் தொன். அவ்வாண்டின் புகையால் மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் அகால மரணம் அடைந்திருப்பர் என அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டபோது, சம்பந்தப்பட்ட அரசுகள் அதை ஏற்கவில்லை. மரணக் கணக்கில் அந்த விவாதம் நிகழ்ந்தது. எவ்வளவு எரிந்தது என்பதை 1997இல் போல் மூன்று மடங்கு இடைவெளியில் விட்டுவிட எவராலும் இயலவில்லை.

அரசியலும் மெல்ல நகர்ந்தது. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூனில் கோலாலம்பூரில் கைச்சாத்தானது. தீ மூளும் நாடான இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதனை ஏற்றது 2014இல். சிங்கப்பூரின் சுட்டெண் 2013 ஜூன் 21ஆம் திகதி 401ஐத் தொட்ட பின்னர், வெளிநாட்டில் தீ மூட்டித் தன் காற்றைக் கெடுக்கும் கம்பனிகளைத் தண்டிக்க அந்நாடு 2014இல் சட்டம் இயற்றியது. அளவுகள் பகிரங்கமான பிறகே இவை நிகழ்ந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2017 ஒக்டோபரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் 'சென்ரினல்-5பி' செய்மதியில் உள்ள 'ட்ரோபோமி' கருவி, சுமார் 7 கிலோ மீற்றர் அளவுள்ள கட்டங்களாக நாள்தோறும் உலகை அளக்கிறது. 2023இல் கனடாவைப் பார்த்தது அந்தக் கருவியே. அது தந்த காபனோரொட்சைட்டு அளவுகளைக் காற்றோட்டக் கணிப்புகளுடன் இணைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு வெளியேறியிருந்தால் இந்த அளவுகள் கிட்டும் என்று கண்டனர். பின்னர் இரு வாயுக்களின் விகிதத்தைக் கொண்டு மொத்தக் காபனுக்கு வந்தனர். 1979இல் குருட்சன் ஒரு சில புகை மாதிரிகளைக் கொண்டு செய்த அதே கணக்குத்தான். மாதிரிகளின் இடத்தில் ஒரு கண்டத்தின் வானம் முழுவதும் இருந்தது. சீனா, அமெரிக்கா, இந்தியா நீங்கலாக உலகின் வேறெந்த நாடும் ஓராண்டில் எரிபொருளால் வெளியிடும் காபனைவிட அதிகமானது அந்தத் தீயின் காபன். அவ்வாண்டு ஜூன் இறுதியில் ரொறன்ரோவின் வானம் மங்கியபோது யன்னல்களை மூடிக்கொண்டிருந்தவர்களுள் ஈழத்திலிருந்து அங்கு சென்று குடியேறிய தமிழர் பல்லாயிரவர் அடங்குவர். அவர்கள் எவரும் அளவுக்காக அரசின் இரக்கத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. கைத்தொலைபேசியில் பார்த்தனர்.

இவ்வளவைகளின் எல்லையையும் சொல்லிவிடுவது முறை. முகில் மூடிய இடத்தில் இக்கருவிகளால் நிலத்திற்கு அண்மையில் உள்ள காற்றைக் காண இயலாது. அவை தருவது நிலத்திலிருந்து வானம் வரையுள்ள முழுக் காற்றுத் தூணின் கணக்கு. ஒரு தாய் தன் குழந்தையுடன் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது என்பதைத் தரையில் வைத்த கருவிதான் சொல்ல வேண்டும். நாளொன்றின் சராசரியாக ஒரு கன மீற்றர் காற்றில் 4 மில்லிகிராமுக்கு மேல் காபனோரொட்சைட்டு இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்தது. தீயின் அருகே வாழ்வோருக்கும் அதை அணைப்போருக்கும் அது உயிர் காக்கும் எண். ஆயிரம் கிலோ மீற்றர் அப்பால் இருப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் நுண்துகள்கள். அங்கே இவ்வாயு சாட்சியாக மட்டும் வந்து சேர்கிறது.

அந்தச் சாட்சியம் நல்ல செய்தியும் சொல்லியிருக்கிறது. இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் உலக வளிமண்டலத்தின் காபனோரொட்சைட்டு ஆண்டுக்குச் சுமார் அரை சதவீதம் வீதம் குறைந்து வந்தது. வாகனப் புகையும் தொழிற்சாலைப் புகையும் துப்புரவானதன் பயன் அது. வடக்கின் பெருங்காட்டுத் தீக்கள் இப்போது அந்த ஆதாயத்தை அரித்து வருகின்றன. இரண்டையும் பிரித்தறிய இடையறாத பதிவு வேண்டும். ஒரே வகைக் கருவி ஒன்று 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததனாலேயே அரை சதவீதம் என்னும் நுண்ணிய மாற்றம் தெரிந்தது.

மொபிற் ஓய்ந்துவிட்டது. அதன் பணியை வேறு கருவிகள் வேறு விதமாகச் செய்கின்றன. அவற்றுக்கும் ஆயுள் உண்டு. அடுத்ததை அனுப்பப் பணம் ஒதுக்கவேண்டியவர்கள் அரசியல்வாதிகள். அவர்கள் ஓராண்டு தாமதித்தால் எவரும் தெருவில் இறங்கப் போவதில்லை. ஆனால் அந்த ஓராண்டில் எங்கே ஒரு கலிமந்தான் எரியும் என்று எவர் அறிவார்? 1997இல் மிதோரி செய்மதி ஓய்ந்த பின்னர் எரிந்த மண் இன்றும் மூன்று மடங்கு சந்தேகத்துடன்தான் ஏடுகளில் இருக்கிறது. எவ்வளவு எரிந்தது என்பது உறுதியாகத் தெரியாதபோது, எரித்தவரிடம் எவ்வளவு கேட்பது என்பதும் தெரியாது. அந்த நிலம் எரிந்த நாட்களில் அதை அண்டி வாழ்ந்த மக்களுக்கு இன்று வரை கிடைத்திருக்கும் கணக்கு அவ்வளவே.